எம்.பி.ஏ. படிப்புக்குக் கல்விக் கடன்: வரப்போகும் சம்பளத்தையும் கட்டவேண்டிய தவணையையும் எப்படி ஒப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.காம்., பி.பி.ஏ. அல்லது பொறியியல் முடித்துவிட்டு, கடன் வாங்கி இரண்டாண்டு எம்.பி.ஏ. படிக்க நினைக்கும் மாணவர்களுக்காகவும், அந்தக் கடனில் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடப்போகும் பெற்றோருக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டது. பொதுத்துறை வங்கிக் கிளையொன்றில் கல்விக் கடன் மேசையில் நான் இருந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளே பெரும்பாலும் இங்கே உள்ளன. கணக்குகளுக்கு முழுவதும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: படிப்புக்கான மொத்தச் செலவு ரூ.10 லட்சம், அதில் கடன் ரூ.7.5 லட்சம், ஆண்டு வட்டி 10.5 சதவீதம். உங்கள் வங்கி சொல்லும் வட்டி வேறாக இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஆறு லட்சம் சம்பளம் கிடைக்கும் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். கடன் ஏழரை லட்சம்தான். ஒன்றேகால் வருடத்தில் அடைத்துவிடலாம் அல்லவா?

முடியாது. இந்தக் கணக்கில் மூன்று தவறுகள் சேர்ந்திருக்கின்றன. ஏழரை லட்சம் என்பது கடன் வாங்கும் நாளின் தொகையே தவிர, தவணை தொடங்கும் நாளின் தொகை அல்ல. ஆறு லட்சம் என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவே (சி.டி.சி.) தவிர, உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல. மூன்றாவது தவறுதான் மிகப் பெரியது. எம்.பி.ஏ. படிக்காமல் இருந்திருந்தாலும் நீங்கள் ஏதோ ஒரு சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். எனவே கடனோடு ஒப்பிட வேண்டியது முழுச் சம்பளத்தை அல்ல, படித்ததால் கூடுதலாகக் கிடைக்கும் தொகையை மட்டுமே. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏழரை லட்சம் கடன், தவணை தொடங்கும்போது எவ்வளவாக இருக்கும்?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் நீங்கள் தவணை கட்ட வேண்டியதில்லை. வங்கியில் இதை மொரட்டோரியம் என்பார்கள். தவணைதான் இல்லையே தவிர, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். பொதுத்துறை வங்கிகள் இந்தக் காலத்துக்குத் தனி வட்டி மட்டுமே கணக்கிட்டு, முடிவில் அதை அசலோடு சேர்க்கின்றன.

நான்கு செமஸ்டர்களுக்கும் ரூ.1,87,500 வீதம் வங்கி விடுவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தொகைக்கு 36 மாத வட்டி, இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 24, கடைசித் தொகைக்கு 18 என்று கூட்டினால் வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.1,77,000 ஆகிறது. ஆகவே தவணை தொடங்கும் நாளில் உங்கள் பெயரில் நிற்கும் கடன் ரூ.9,27,000.

இதைப் பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் ரூ.12,500, கட்டி முடிக்கும்போது மொத்தம் ரூ.15 லட்சம் கொடுத்திருப்பீர்கள். பதினைந்து ஆண்டுகளானால் தவணை ரூ.10,250 ஆகக் குறையும், மொத்தமோ ரூ.18.4 லட்சத்தைத் தாண்டும். ஏழே ஆண்டுகளில் முடிக்க முடிந்தால் தவணை ரூ.15,600, மொத்தம் ரூ.13.1 லட்சம். தவணை குறைவாக இருக்கிறதே என்று பதினைந்து ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தவர்களில் பலருக்கு, அந்த வசதிக்காகப் பத்தாண்டுக் கடனைவிட ஏறத்தாழ மூன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுக்கப்போகிறோம் என்று அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

சி.டி.சி. ஆறு லட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரம் கைக்கு வராதா?

வராது. பணி நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். மாதம் ஐம்பதாயிரத்தில், இலக்கை எட்டினால் மட்டும் ஆண்டு முடிவில் தரப்படும் ஊக்கத்தொகை என்று பத்து சதவீதம், அதாவது ரூ.5,000 ஒதுக்கப்பட்டிருக்கலாம். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்புநிதி, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவையும் அந்த ஆறு லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதற்குப் பிறகு உங்கள் பங்கு வைப்புநிதியும் தொழில் வரியும் பிடிக்கப்படும். அடிப்படைச் சம்பளம் ரூ.25,000 என்றால் இவையெல்லாம் போகக் கையில் நிற்பது ஏறக்குறைய ரூ.37,000. வைப்புநிதி உங்கள் சேமிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் தவணை தேதியில் அது உதவிக்கு வராது.

அப்படியானால் உண்மையான ஒப்பீடு எப்படி இருக்கும்?

பி.காம். முடித்த ஒருவர் கோயம்புத்தூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலோ நூற்பாலையின் கணக்குப் பிரிவிலோ மாதம் ரூ.18,000 சம்பளத்தில் சேர்கிறார் என்று கொள்வோம். மறு ஆண்டு அது ரூ.20,000 ஆகிறது, அதற்கடுத்த ஆண்டு ரூ.22,000. அவரோடு படித்த நண்பர் எம்.பி.ஏ. சேர்ந்து, முடித்து, கையில் ரூ.37,000 வாங்குகிறார். வித்தியாசம் ரூ.15,000. அதில் ரூ.12,500 தவணைக்குப் போகிறது. மீதி நிற்பது ரூ.2,500.

இதோடு கணக்கு முடியவில்லை. வேலைக்குப் போனவர் அந்த இரண்டு ஆண்டுகளில் ரூ.4,56,000 சம்பாதித்திருக்கிறார், எம்.பி.ஏ. படித்தவர் அதை இழந்திருக்கிறார். அத்துடன் கடனுக்கு மேல் ரூ.2.5 லட்சம் அவருடைய வீட்டுப் பணமும் போயிருக்கிறது. சம்பள வித்தியாசம் அப்படியே நின்றுவிட்டால், மாதம் ரூ.2,500 வீதம் பத்தாண்டுத் தவணைக் காலம் முழுவதும் சேர்வது ரூ.3 லட்சம்தான்; இழந்த சம்பளத்துக்கே அது போதாது.

வித்தியாசம் அப்படியே நிற்காது என்பதுதான் எம்.பி.ஏ.வுக்கு ஆதரவான வலுவான வாதம், அது நியாயமான வாதமும்கூட. தவணை பெரும்பாலும் ஒரே அளவில் இருக்க, சம்பளம் ஏறிக்கொண்டே போகும். ஐந்தாம் ஆண்டில் எம்.பி.ஏ. படித்தவர் ரூ.65,000 வாங்கி, மற்றவர் ரூ.30,000-இல் இருந்தால் படிப்பு தன் செலவை நன்றாகவே ஈட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சேரும் முன் கேட்க வேண்டியது முதல் சம்பளத்தைப் பற்றி மட்டுமல்ல. அந்தக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இன்று எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும். லிங்க்டுஇன் தளத்தில் கல்லூரியின் பெயரையும் முடித்த ஆண்டையும் கொடுத்து, முப்பது பேரின் பக்கங்களை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். நல்ல நிலையில் இருப்பவர்களே அங்கே அதிகம் தென்படுவார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

அதே கடனை வாங்கி, சி.டி.சி. ரூ.4.2 லட்சம் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். கையில் வருவது சுமார் ரூ.26,500, வித்தியாசம் ரூ.4,500; தவணை ரூ.12,500. எம்.பி.ஏ. படித்தவர், படிக்காத தன் நண்பரைவிட மாதாமாதம் ரூ.8,000 குறைவாக வைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கும். அந்த நிலையில் தவணையை அப்பாவின் ஓய்வூதியத்திலிருந்து கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கல்லூரி விளம்பரத்தில் உள்ள சம்பளத் தொகையை நம்பலாமா?

நெடுஞ்சாலை ஓரப் பலகையில் ஒரு மாணவரின் படத்தோடு பெரிய எழுத்தில் போடப்படுவது அந்த ஆண்டின் அதிகபட்சச் சம்பளம். அது ஒருவருக்குக் கிடைத்தது. சராசரிச் சம்பளமும் முழுமையாக உதவாது. ஐந்தாறு பேர் பெரிய தொகை வாங்கினாலே சராசரி மேலே ஏறிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம், அதாவது மீடியன். வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவருக்குக் கிடைத்த தொகை அது.

இந்தத் தொகையைக் கல்லூரியிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக அதில் பங்கேற்கும் கல்வி நிறுவனங்கள் தரும் விவரங்கள் அந்தத் தளத்திலேயே பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கின்றன. மேலாண்மைப் பிரிவைத் திறந்து, கல்லூரியின் பெயருக்கு எதிரே உள்ள கோப்பைத் தரவிறக்குங்கள். இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கான அட்டவணையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்ற விவரங்கள் ஆண்டுவாரியாக இருக்கும்.

இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கல்லூரியில் 112 பேர் படிப்பை முடித்து, 71 பேருக்கு வேலை கிடைத்து, இடைநிலைச் சம்பளம் ரூ.4.2 லட்சம் என்று இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அந்த ரூ.4.2 லட்சமோ அதற்கு மேலோ பெற்றவர்கள் 71 பேரில் பாதி, அதாவது 36 பேர். முடித்தவர்கள் 112 பேர் என்பதால், மூன்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அந்தத் தொகை கிடைத்திருக்கிறது. வேலை பெறாத 41 பேரில் சிலர் சொந்தத் தொழிலுக்குப் போயிருக்கலாம், சிலர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கடன் வாங்கியவரின் தவணை இவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. இந்த விவரங்கள் கல்லூரிகளே தருபவை என்பதால் ஒரே ஆண்டைப் பார்க்காமல் மூன்று ஆண்டுகளையும் ஒப்பிடுங்கள். முன்னணி நிறுவனங்கள் சில, தங்கள் வேலைவாய்ப்பு அறிக்கையை வெளித் தணிக்கைக்கு உட்படுத்தியும் வெளியிடுகின்றன. அத்தகைய அறிக்கை இருந்தால் அதையே முதன்மையாகக் கொள்ளுங்கள்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் பயன் உண்டா?

நல்ல பயன் உண்டு. நம் உதாரணத்தில் மொரட்டோரியக் கால வட்டி ரூ.1,77,000-ஐ அவ்வப்போது கட்டிவிட்டால், தவணை தொடங்கும்போது கடன் ஏழரை லட்சமாகவே நிற்கும். பத்தாண்டுத் தவணை ரூ.10,100 ஆகக் குறையும். கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தத்தில் ரூ.1.1 லட்சம் மிச்சம். இப்படி வட்டியை ஒழுங்காகக் கட்டுவோருக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை சலுகை தரவும் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. கிளையில் கேட்டால்தான் சொல்வார்கள். முதல் செமஸ்டரில் வட்டி மாதம் ரூ.1,640 அளவிலேயே இருக்கும் என்பதால், சம்பளக்காரப் பெற்றோருக்கு இது எட்டாத தொகை அல்ல. அதற்காக வெளியில் கைமாற்று வாங்குவது மட்டும் கூடாது.

எவ்வளவு தொகை வரை அடமானம் கேட்கமாட்டார்கள்?

ரூ.4 லட்சம் வரை பெற்றோர் இணைக் கடனாளியாகச் சேர்ந்தால் போதும். நீங்கள் கையிலிருந்து போடவேண்டிய பங்கும் கிடையாது. அதற்கு மேல் ரூ.7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. ஆனால் உள்நாட்டுப் படிப்புச் செலவில் ஐந்து சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் வீடு, மனை, வைப்புத்தொகை போன்ற ஏதேனும் ஒன்றை ஈடாக வைக்க வேண்டியிருக்கும். முன்னணிக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மட்டும் தனித் திட்டங்களில் அடமானமின்றிப் பெருந்தொகை தருகிறார்கள்.

அடமானம் இல்லை என்பதற்காக வரம்பு வரை வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்துப் படிக்க நேரும் என்றால், அந்தக் கல்லூரியின் மூன்றாண்டு இடைநிலைச் சம்பளம் மிக உறுதியாக இருந்தாலொழிய வேண்டாம் என்றே சொல்வேன்.

அரசின் வட்டி மானியம் எங்களுக்குக் கிடைக்குமா?

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பாக எம்.பி.ஏ. சேர்ந்தால், மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் மொரட்டோரியக் கால வட்டி முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. நம் உதாரணத்தில் அந்த ரூ.1,77,000 சுமை அப்படியே நீங்கிவிடும். படிப்பை நடுவில் விட்டால் மானியம் போய்விடும்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் சேர்வோருக்கு அடமானமும் ஜாமீனும் இன்றிக் கடன் கிடைக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் இருந்தவை 860 நிறுவனங்கள். வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் மொரட்டோரியக் காலத்துக்கு மூன்று சதவீத வட்டித் தள்ளுபடியும் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே. வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவராகவும் இருக்க வேண்டும். தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கத் தாமதம் ஆகும் என்பதால், நுழைவுத்தேர்வு எழுதும்போதே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் கடன் மேசைக்கு வருவதற்கு முன் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பார்க்க வேண்டும். அதற்குத் தகுதி இருந்தும் தெரியாமல் முழுக் கட்டணத்துக்கும் கடன் கேட்டு வந்தவர்கள் உண்டு.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

80இ பிரிவின் கீழ், கட்டிய வட்டியை உச்சவரம்பின்றிக் கழித்துக்கொள்ளலாம். அசலைக் கழிக்க முடியாது. வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே இந்தச் சலுகை. ஆனால் இது பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் ரூ.12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லாததால், ஆறு லட்சம் சம்பளக்காரருக்கு 80இ-யால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. கடன் வாங்கினால் வரி மிச்சம் என்று யாரேனும் சொன்னால், உங்கள் கணக்கில் அதற்கு மதிப்புப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டான்செட் எழுதி அரசு ஒதுக்கீட்டில் சேர்வது உண்மையில் அவ்வளவு வேறுபாட்டைத் தருமா?

தரும். கணக்கை அடியோடு மாற்றுவது இதுதான். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளிலோ பல்கலைக்கழகத் துறைகளிலோ இடம் பெற்றால், கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான். கடன் ரூ.2 லட்சத்துக்குள் அடங்கினால் பத்தாண்டுத் தவணை ரூ.3,400-ஐத் தாண்டாது. மேலே சொன்ன ரூ.4.2 லட்சம் சி.டி.சி.யே கிடைத்தாலும் சம்பள வித்தியாசமான ரூ.4,500 அந்தத் தவணையைத் தாங்கிக்கொள்ளும். ஒரே சம்பளம் ஒரு மாணவருக்குச் சுமையாகவும் இன்னொருவருக்கு முன்னேற்றமாகவும் ஆவது இப்படித்தான். சுமாரான தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்வதைவிட, ஓராண்டு வேலை பார்த்துக்கொண்டே டான்செட்டையோ ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வையோ மறுபடி எழுதுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு வட்டிச் சலுகைகள் பலவும் கைநழுவிப்போகும்.

ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் கட்டணமே இருபது லட்சத்தை ஒட்டி வருகிறது. அங்கே இடம் கிடைத்தால்?

கடன் தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதே வித்தியாசக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரூ.20 லட்சம் கடன், மொரட்டோரிய வட்டியோடு ரூ.24.7 லட்சம் ஆகிப் பத்தாண்டுத் தவணை சுமார் ரூ.33,400 வரும். கையில் மாதம் ஒரு லட்சம் வருபவருக்கு, இந்தத் தவணை போன பிறகும் மீதம் நிற்பது ரூ.37,000 வாங்குபவரின் முழுச் சம்பளத்தைவிட அதிகம். திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கப்பட்டபின் இந்தக் கேள்வி நம் ஊர்க் குடும்பங்களுக்கு மிக அருகில் வந்துவிட்டது. சிறிய கடன் எப்போதும் பாதுகாப்பானது, பெரிய கடன் எப்போதும் ஆபத்தானது என்று எடுத்துக்கொண்டால் நல்ல வாய்ப்பு ஒன்றை இழக்க நேரலாம்.

மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் தவணையை யார் கட்டுவது?

இதைப் பெற்றோர் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். சட்டப்படி கடன் மகளின் பெயரிலும் இணைக் கடனாளியின் பெயரிலும் தொடரும். திருமணம் எதையும் மாற்றாது. சம்பாதிப்பவர் அவர், எனவே தவணை அவருடைய சம்பளக் கணக்கிலிருந்தே போகும்படி செய்துவிட்டு, சம்பந்தம் பேசும்போதே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பெண்களுக்குச் சில பொதுத்துறை வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. இந்தத் தயக்கத்துக்காக மகனுக்கு வாங்கும் கடனை மகளுக்கு மறுப்பது நியாயமே அல்ல.

ஓராண்டு முடிந்தும் வேலை கிடைக்காவிட்டால்?

முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். வேலையின்மைக் காலத்துக்கு மொரட்டோரியத்தை நீட்டிக்கவும், தொடக்கத்தில் குறைவாகவும் பிறகு படிப்படியாக உயர்ந்தும் தவணையை அமைக்கவும் வங்கிக்கு வழி உண்டு. தொண்ணூறு நாள்கள் நிலுவை நின்றால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அதன்பின் இவற்றைப் பெறுவது கடினம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் உங்களுக்கு மட்டுமல்ல, கையெழுத்திட்ட தந்தைக்கும் தாய்க்கும் சேர்த்தே இறங்கும். தம்பியின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வட்டி மாறக்கூடியதா, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாறும், மொரட்டோரியக் காலத்தில் தனி வட்டியா கூட்டு வட்டியா என்ற மூன்றையும் கடிதத்திலேயே தேடிப் படியுங்கள். வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் வட்டி பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். சிலவற்றில் முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்ட வேண்டியும் வரும். மாறும் வட்டியுள்ள கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் விதிக்க முடியாது. எனவே முதல் ஊக்கத்தொகை வந்தவுடன் அசலில் கட்டலாம். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருந்தால் அதன் தொகையையும் காலத்தையும் கேளுங்கள். காப்பீடு தேவைதான். பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் பெற்றோர் தலையில் கடன் விழாமல் காப்பது அது ஒன்றுதான். ஆனால் அதே பாதுகாப்பைத் தரும் டெர்ம் பாலிசியை வெளியில் குறைந்த பிரீமியத்தில் எடுக்க முடிந்தால், அதை ஏற்றுக்கொள்வீர்களா என்று கிளை மேலாளரிடம் அங்கேயே கேட்டு, பதிலைக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.